கோயிலுக்குள் இருந்த சுவர்: வழிபாட்டு முறை எதைச் சொல்கிறது?

எங்கள் குடும்பத்தில் மூன்று வகைக் கிறிஸ்தவர்கள் உண்டு. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வளர்ந்த லுத்தரன், அதாவது புராட்டஸ்டண்ட். மனைவி வில்லியனூர்க் கத்தோலிக்கக் குடும்பம்; லூர்து மாதா கோயில் தேர் நாளில் அவர்கள் வீட்டில் அடுப்பு அணையாது. என் தம்பி பத்து வருடமாகக் கடலூர் முதுநகரில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணி ஆறுவதற்குள் பேச்சு வழக்கமான இடத்துக்கு வந்துவிடும். மாதாவுக்கு மாலை எதற்கு, சபையில் டிரம்ஸ் எதற்கு, புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் அது செபமா. கடைசியில் தம்பிதான் முடித்துவைப்பான்: "விடுண்ணே, முறைதான் வேற. செய்தி ஒண்ணுதானே."

விருந்து நாளில் அந்தச் சமாதானம் போதும். ஆனால் முறை வேறு, செய்தி வேறு என்று பிரித்து வைப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. பிரசங்கம் இருபது நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் வழிபாடு வேறு வழிகளில் பேசிக்கொண்டே இருக்கிறது. யார் எங்கே உட்காருகிறார்கள், யார் வாசிக்கிறார்கள், அப்பம் யார் கைக்கு முதலில் போகிறது, யாருடைய அழுகைக்குப் பாட்டு இருக்கிறது, யாருடையதற்கு இல்லை. கோயிலில் வளர்கிற குழந்தை பிரசங்கத்தை மறந்துவிடும், இதை மறக்காது. புதுச்சேரியிலும் கடலூரிலும் இதற்கு முந்நூறு வருடச் சாட்சியம் கிடக்கிறது.

அதற்கு முன் வேதத்தில் ஒரு இடத்தைப் பார்த்துவிடலாம். ஆண்டவருடைய இராப்போஜனத்தை, அதாவது அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தைப் பற்றி நம் கையில் இருக்கும் மிகப் பழைய எழுத்து, சுவிசேஷங்களுக்கும் முந்தியது, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரம். "என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்" என்ற வார்த்தையை ஒவ்வொரு திருவிருந்திலும் கேட்கிறோம். பவுல் அதை அங்கே ஏன் எழுதினார் என்பதைத்தான் கவனிப்பதில்லை. அது ஒரு கண்டிப்புக்கு நடுவில் வருகிறது. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பமும் கிண்ணமும் அங்கே இருந்தன. ஆனாலும் நீங்கள் சாப்பிடுவது ஆண்டவருடைய விருந்தே இல்லை என்கிறார் பவுல். அவர் சொல்லும் தீர்வும் ஒரு முறைதான்: ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

அதே பவுல் ரோமருக்கு எழுதும்போது, ஒருவன் ஒரு நாளை விசேஷமாக நினைக்கிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக நினைக்கிறான், ஒருவன் மரக்கறி சாப்பிடுகிறான், போகட்டும், ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதீர்கள் என்கிறார். அங்கே அவ்வளவு தாராளம், இங்கே இவ்வளவு கறார். எங்கள் லுத்தரன் சபைகள் ஒப்புக்கொள்ளும் 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையும், மனிதர் ஏற்படுத்திய சடங்குகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்று 7ஆம் பிரிவில் சொல்கிறது. அப்படியென்றால் வழிபாட்டு முறைகளில் இரண்டு வகை இருக்கின்றன. இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்று விட்டுவிடக்கூடியவை ஒரு வகை. மாற்றினால் செய்தியே மாறிவிடும் என்பவை இன்னொரு வகை. எந்த முறை எந்த வகையில் சேரும் என்பதில்தான் நம் பக்கத்துச் சபைகள் திரும்பத் திரும்பத் தவறியிருக்கின்றன. விட்டுக்கொடுத்திருக்க வேண்டியதற்குச் சண்டை போட்டார்கள். சண்டை போட்டிருக்க வேண்டியதை விட்டுக்கொடுத்தார்கள்.

1703 கடைசியில் புதுச்சேரித் துறையில் ஒரு ஆள் கப்பலிலிருந்து இறங்கினார். பெயர் தூர்னோன். சீனாவுக்குப் போகும் வழியில் வந்த போப்பாண்டவரின் தூதர். அதற்கு நூறு வருடம் முன்னால், 1606இல், மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவியும் சந்தனமுமாகத் தமிழ்ச் சந்நியாசி போல வாழ்ந்து, பூணூலும் குடுமியும் சந்தனப்பொட்டும் கிறிஸ்தவனுக்குத் தடையில்லை என்று வாதாடி, 1623இல் ரோமின் அனுமதியும் வாங்கியிருந்தார். அவர் வழியில் வந்த சேசு சபைக் குருக்கள் செய்துகொண்டிருந்ததையெல்லாம் விசாரித்த தூர்னோன், 1704இல் இதே புதுச்சேரியில் 16 கட்டளைகளை வெளியிட்டார். பிள்ளையார் உருவம் உள்ள தாலி கூடாது. பெண் பெரியவளானதைக் கொண்டாடும் சடங்கு கூடாது. சாணிச் சாம்பலைப் பூசக் கூடாது. கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோயிலில் வாசிக்கக் கூடாது.

அந்தப் பட்டியலில் எச்சிலும் இருந்தது. ரோமன் முறைப்படி ஞானஸ்நானத்தில் குரு தன் எச்சிலை விரலில் தொட்டு, ஞானஸ்நானம் பெறுகிறவரின் காதையும் மூக்கையும் தொடுவார். இயேசு எச்சிலைத் தொட்டுச் செவிடனைக் குணமாக்கியதன் நினைவு அது. தமிழ் வீட்டில் எச்சில் என்ற சொல் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. குடிக்கிற செம்பைக்கூட உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கிற ஊர். குருக்கள் அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். விடக் கூடாது என்றார் தூர்னோன். அன்புக்கு அடையாளமாக ஒரு ஊரில் பிறந்த செய்கை இன்னொரு ஊரில் அசிங்கமாகத் தெரியும். இது முதல் வகை. இதில் குருக்கள் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். அன்பைச் சொல்லத்தானே அந்தச் செய்கை? சொல்ல வந்தது போய்ச்சேரவில்லையென்றால் செய்கையை மாற்றிக்கொள்ளலாம்.

அதே பட்டியலில் இன்னொரு கட்டளையும் இருந்தது. சாகக் கிடக்கும் தலித் கிறிஸ்தவரின் வீட்டுக்குள் போய் அருட்சாதனம் தரக் குருக்கள் மறுக்கக் கூடாது. அன்றைய வழக்கம் என்னவென்றால், சாதிக் கிறிஸ்தவர்களிடையே வேலை செய்யும் குரு சேரிக்குள் போனால் தன் மரியாதை போய்விடும் என்று போகமாட்டார்; நோயாளியைத்தான் வெளியே தூக்கிக்கொண்டு வருவார்கள். கிறிஸ்தவச் செய்தியின் உயிரே, கடவுள் நம்மிடம் இறங்கி வந்தார் என்பதுதான். சாகிற மனிதனின் குடிசைக்குள் குனிந்து நுழைய மறுக்கும் குரு அந்தச் செய்தியைப் பிரசங்கத்தில் எப்படிச் சொல்வார்? இது இரண்டாம் வகை.

சண்டை நாற்பது வருடம் ரோம் வரை போய் வந்தது. 1744இல் 14ஆம் பெனடிக்ட் போப்பாண்டவர் முடிவாக ஆணை போட்டபோது தாலி, சாம்பல் விஷயங்களில் கண்டிப்பு நிலைத்தது. தலித்துகள் விஷயத்துக்கு வந்த ஏற்பாடு வேறு: அவர்களுக்கென்று தனியாகக் குருக்களை வைத்துக்கொள்ளலாம். நோயாளி வீட்டுக்குக் குரு போனார், சரி. ஆனால் பிரிவினை வழிபாட்டுக்குள்ளேயே நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வருடமே புதுச்சேரிச் சம்பா கோயிலில் நடந்ததை, அங்கே பிரெஞ்சுக் கம்பெனியில் வேலை பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். மிஷன் வீதியில் இன்று நாம் பார்க்கும் கட்டடம் 1791இல் முடிந்தது. அவர் எழுதியது அதற்கு முந்தைய கோயிலைப் பற்றி. பிரெஞ்சு மொழியின் 'சேன் போல்', அதாவது புனித பவுல் என்ற பெயர்தான் நம் வாயில் சம்பா ஆயிற்று. கொரிந்தியருக்குக் கடிதம் எழுதிய அதே பவுல்! அவர் பெயர் கொண்ட கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் சாதித் தமிழர்களும், சட்டைக்காரர்கள் என்ற ஐரோப்பியக் கலப்பினத்தவரும், ஐரோப்பியர்களும். 1745 அக்டோபரில், காரைக்காலிலிருந்து வந்திருந்த ஒரு குருவின் தூண்டுதலில், தலித் கிறிஸ்தவர்கள் பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்பது உண்மையானால் எல்லோரையும் ஒன்றாகத்தானே நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். கேள்வி நியாயமாகப்பட்டது. சாமியார் சுவரை இடிக்கச் செய்தார். நீங்கள் எல்லோரும் என் பிள்ளைகள், கலந்து உட்காருங்கள் என்றார். அதற்குச் சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்த கொந்தளிப்பையும் பிள்ளை விவரமாக எழுதுகிறார்.

பிள்ளை கிறிஸ்தவர் இல்லை. சுவர் இடிந்ததில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் இரண்டே முக்கால் நூற்றாண்டு கழித்து அதை வாசிக்கிற எனக்கு, பெயர் தெரியாத அந்த மனிதர்கள்தான் புதுச்சேரியில் வழிபாட்டுக்கும் செய்திக்கும் உள்ள உறவைச் சரியாகப் புரிந்துகொண்டவர்களாகத் தெரிகிறார்கள். அவர்கள் புது உபதேசம் எதுவும் கேட்கவில்லை. சொன்ன உபதேசம் உண்மையென்றால் சுவர் பொய், சுவர் உண்மையென்றால் உபதேசம் பொய் என்று பார்த்தார்கள்.

அதே சேசு சபையினரின் தூண்டுதலில், பிரெஞ்சு கவர்னர் டூப்ளே ஆட்சியில், 1748இல் பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும் பிள்ளைதான் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்ட புதுச்சேரிக்காரருக்கு, பூசையில் வாசிக்கப்பட்ட அன்பின் வார்த்தை எதுவும் காதில் விழுந்திருக்காது. இதைச் சொல்லாமல் சம்பா கோயிலைப் பற்றி ஒரு கிறிஸ்தவன் எழுதக் கூடாது.

கடலூர்ப் பக்கம் கதை சற்று வேறு. 1730களிலேயே இங்கே புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் வந்துவிட்டார்கள். 1758இல் பிரெஞ்சுக்காரர் ஊரைப் பிடித்தபோது இங்கிருந்த மிஷனரி கீர்நாந்தர் கல்கத்தாவுக்குப் போனார். பிற்பாடு டேனிஷ் மிஷன் வந்தது, அதிலிருந்து எங்கள் ஆற்காடு லுத்தரன் திருச்சபை வளர்ந்தது. ஜெர்மன் ராகத்தில் ஞானப்பாட்டு ஒரு பக்கம், கர்நாடக ராகத்தில் கீர்த்தனை ஒரு பக்கம் என்று இரண்டையும் பாடி வளர்ந்தவர்கள் நாங்கள்.

கீர்த்தனை என்றதும் தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார். 1829 வாக்கில், புதிதாக வந்த மிஷனரிகள் செய்யும் கொடுமைகள் என்று அவர் எழுதிய முறையீடு ஒன்று உண்டு. வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், பூ வைக்கக் கூடாது என்கிறார்கள், தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள் என்கிறார். இங்கே நமக்கு அவர் பக்கம் நிற்கத்தான் தோன்றும். ஆனால் அதே முறையீட்டில், சாதி பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று வற்புறுத்துவதையும் அவர் கொடுமைகளில் ஒன்றாகச் சேர்க்கிறார். பூவும் பாட்டும் சாதியும் அவருக்கு ஒரே கட்டாகத் தெரிந்தன. அந்த மிஷனரிகளுக்கும் அப்படித்தான் தெரிந்தன. அதனால்தான் மூன்றையும் சேர்த்துப் பிடுங்கப் பார்த்தார்கள். பூவை விட்டுவிட்டுச் சாதியை மட்டும் பிடுங்கியிருக்கலாம். நம் மண்ணின் வழிபாடு என்று இன்று பேசுகிறவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகு எல்லாம் வேகமாக மாறியது. லத்தீன் போய்த் தமிழ் வந்தது, சாமியார் மக்களைப் பார்த்துத் திரும்பினார், பூசை என்ற சொல் திருப்பலி ஆயிற்று. இதில் நம் பகுதிக்காரர் ஒருவரின் பங்கு பெரியது. பழைய தென்னார்க்காடு கல்லேரியில் பிறந்த அமலோற்பவதாஸ் அடிகள், 1967இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். 1969இல் ரோம் அனுமதித்த 12 மாற்றங்களுக்குப் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காரலாம், கைகூப்பி வணங்கலாம், மெழுகுவத்திக்குப் பதில் குத்துவிளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம், அப்படி.

எனக்கு அவர் மேல் மதிப்பு உண்டு. ஆனால் பின்னால் வந்த தலித் இறையியலாளர்கள் கேட்டதும் சரியான கேள்வி: ஆரத்தியும் சமஸ்கிருத மந்திரமும் யாருடைய பண்பாடு? மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படிப்பித்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுகள் எழுதினார். திருவிருந்தை அவர் 'ஒரே உலை' என்று விளக்குவார். ஒரே பானையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. சாதி தடுக்கிற முதல் காரியமே சேர்ந்து சாப்பிடுவதுதான் என்பதால், தமிழனுக்கு இராப்போஜனத்தை இதைவிட நன்றாக விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மொழியும் சடங்கும் மாறியும் சுவர் எல்லா இடத்திலும் போய்விடவில்லை. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு (தனிக் கோயில் நிர்வாகம்) வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அந்தக் கோயிலிலும் திருப்பலி தமிழில்தான் நடந்தது.

என்னை இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள். காலை ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. தேவனாம்பட்டினத்திலும் சோனங்குப்பத்திலும் சிங்காரத்தோப்பிலும் என்ன நடந்தது என்று கடலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டாம். அடுத்த ஞாயிறு புது வருடத்தின் முதல் ஆராதனை. நான் போன சபையில் ஜோடனை காகிதம் கழற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டுக் குழு முன்பே எடுத்துவைத்த பாட்டைப் பாடியது: கடந்த வருடமெல்லாம் காத்தீரே, நன்றி. முன் பெஞ்சில் ஒரு அம்மா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவர் தங்கை குடும்பத்தில் மூன்று பேர் போயிருந்தார்கள்.

அந்த அம்மாவுக்கு அன்று கொடுக்க எங்களிடம் பாட்டு இல்லை. சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். சிலுவையில் இயேசு சொன்னதும் அதிலிருந்து எடுத்த வார்த்தைதான், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று. நாங்கள் பாடுவதிலோ துதியும் நன்றியும் மட்டும்தான். கத்தோலிக்கர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். தவக்காலத்தில் வில்லியனூர்ப் பக்கம் போனால், வயதான பெண்கள் வியாகுலப் பிரசங்கத்தை ஒப்பாரி ராகத்தில் இழுத்து வாசிப்பதைக் கேட்கலாம். மகனை இழந்த தாயாக மாதா அழுவாள், கூட உட்கார்ந்திருக்கிற பெண்கள் தங்கள் சாவுகளுக்கும் சேர்த்து அழுவார்கள். அது பழைய காலத்து அழுகை என்று ஒதுக்கிவிட்டுக் கீபோர்டில் துதி மட்டும் வாசிக்கிற சபையில், சிலுவை சுவரில் தொங்கும், வழிபாட்டில் இருக்காது. புலம்பலை எடுத்துவிட்டால் செய்தியில் பாதி போய்விடுகிறது. இதுவும் இரண்டாம் வகைதான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தம்பியின் சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சத்தம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஸ்பீக்கர் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பாடுவது கேட்காது, சபையின் குரலே சபைக்குக் கேட்காது. திரையில் காணிக்கைக்கு க்யூஆர் கோடு வரும்போதும், பெரிய தொகை கொடுத்தவர் பெயரை வாசிக்கும்போதும் கொரிந்துதான் நினைவுக்கு வருகிறது. (உபயக்காரர் பெயரை வாசிப்பது எங்களிடமும் உண்டு, கத்தோலிக்கரிடமும் உண்டு.) ஆனால் அங்கே சாட்சி நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு முறை, துறைமுகத்தில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்கும் ஒரு பெண், கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்து, மைக்கை வாங்கிப் பத்து நிமிடம் பேசினார். குடிகாரப் புருஷன், கந்துவட்டி, பிள்ளையின் காய்ச்சல், நடுராத்திரி செபம். பாஸ்டர் குறுக்கே பேசவில்லை. ஐம்பது வருடம் நான் போகிற கோயிலில் அப்படி ஒரு பெண் பீடத்தின் பக்கம் நின்று பேசி நான் பார்த்ததில்லை. உங்கள் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்ற பெந்தெகொஸ்தே நாள் வாக்கியத்தை நாங்கள் வருடா வருடம் அழகாக வாசிக்கிறோம்.

என் பாட்டி பிறந்தது பண்ணுருட்டிப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிராமம். சின்ன வயதில் கோயிலின் பக்கவாட்டில், அவர்கள் தெருவுக்கென்று விட்ட இடத்தில் உட்கார்ந்து பூசை பார்த்தவர். மற்றவர்கள் வாங்கி முடித்த பிறகுதான் நற்கருணை, அதாவது திருவிருந்தின் அப்பம், அந்தப் பக்கம் வரும். கல்யாணம் ஆகி மஞ்சக்குப்பத்துக்கு வந்து லுத்தரன் ஆன பிறகு அவரை யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. ஆனாலும் சாகும்வரை பக்கவாட்டுக் கதவோரம்தான் உட்காருவார். திருவிருந்துக்குக் கடைசியாகத்தான் எழுந்து போவார். ஏன் பாட்டி என்று கேட்டால், "அப்படியே பழகிப்போச்சு" என்பார்.

முட்டி மடக்க முடியாமல் போன பிறகு, பீடத்தண்டை மண்டியிட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்து, போதகர் கடைசியில் இறங்கி வந்து பாட்டிக்குக் கொடுப்பார். ஒரு பெரிய வியாழன் சாயங்காலம், புதிதாக வந்திருந்த போதகர் அப்பத் தட்டை எடுத்துக்கொண்டு, பீடத்தண்டை யாரும் வருவதற்கு முன்னாலேயே கீழே இறங்கினார். நடுவழியில் நேராக நடந்து வந்து பாட்டி முன்னால் குனிந்தார். பாட்டி கையை நீட்டவில்லை. அவங்களுக்குக் குடுங்க, அவங்களுக்குக் குடுங்க என்று முன் வரிசையைக் காட்டினார். போதகர் அப்படியே குனிந்தபடி நின்றார். கோயிலே காத்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ரிக்‌ஷாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி மூன்று தடவை சொன்னார்: "ஐயா முதல்ல எங்கிட்ட வந்துட்டாருப்பா."